வளையும் உடம்பை வளைக்காமல் பார்த்துக்கொள்வது

சின்ன வயதில் கட்டைவிரலை மடக்கி முன்கையில் ஒட்டிக் காட்டினால் வீட்டில் எல்லாரும் கைதட்டுவார்கள். யோகா வகுப்பில் 'ரப்பர் உடம்பு' என்று பாராட்டு வேறு. முப்பதைத் தாண்டியபின் இடியாப்ப உரலை அழுத்தினாலே கட்டைவிரலின் அடிமூட்டு நழுவ ஆரம்பித்தது. ஒருக்களித்துப் படுத்து எழுந்தால் தோள் இடம்மாறிய மாதிரி வலிக்கும். ரத்தப் பரிசோதனை எல்லாம் நார்மல், அதனால் 'உனக்கு ஒன்றுமில்லைம்மா'.

கடைசியில் ஒரு ரூமட்டாலஜிஸ்ட்தான் (மூட்டு நோய் டாக்டர்) விரல், முழங்கை, முழங்கால், முதுகு எல்லாவற்றையும் வளைக்கச் சொல்லிப் பார்த்தார். பெய்ட்டன் மதிப்பெண் என்பார்கள், மொத்தம் 9. எனக்கு 7. என் நோயின் பெயர் ஏலர்ஸ்-டான்லோஸ்; மூட்டையும் தோலையும் தாங்கும் இணைப்புத் திசு பலவீனமாக இருக்கும் மரபு நோய்கள் இவை. 2017இல் இவற்றை 13 வகையாகப் பிரித்தார்கள். அதில் எனக்கிருக்கும் மூட்டுத்தளர்வு வகைக்கு மட்டும் இன்னும் மரபணுச் சோதனை கிடையாது. கையால் தொட்டுப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

பிசியோதெரபிஸ்ட் முதலில் நிறுத்தச் சொன்னது ஸ்ட்ரெச்சிங்கைத்தான். முழங்காலைப் பின்னுக்குப் பூட்டி நிற்காமல் துளி மடக்கி நிற்பது, சுவரைக் கையால் அழுத்தி அசையாமல் பிடிப்பது, இப்படிப் பார்க்கச் சப்பென்று இருக்கிற பயிற்சிகள்தான். தசை பலப்பட்டால்தான் மூட்டு நிற்கும். பலன் தெரிய மாதக்கணக்காகும், அவசரப்படாதீர்கள். வீட்டில் இப்போது இடியாப்பம் பிழிவது என் கணவர்.

சாப்பாட்டு விஷயத்தில் ஊரே வைத்தியர். ஆட்டுக்கால் சூப், முடவாட்டுக்கால் சூப், பிரண்டைத் துவையல் எல்லாம் வந்தன. ருசியாகவே இருந்தன, குறை சொல்லமாட்டேன். ஆனால் ஆட்டுக்கால் சூப்பில் இருக்கும் கொலாஜன் (இணைப்புத் திசுவின் புரதம்) வயிற்றில் செரித்து அமினோ அமிலமாகத்தான் போகும், நேராக மூட்டுக்குப் போய் ஒட்டிக்கொள்ளாது. எனக்கு உண்மையில் உதவியது உப்பும் தண்ணீரும். இந்த நோய் உள்ள பலரைப் போல எனக்கும் எழுந்து நின்றதும் நெஞ்சு படபடத்துக் கண் இருட்டும். டாக்டர் சொன்னபின் காலையில் உப்புப் போட்ட நீராகாரம், பதினொரு மணிக்கு மோர். (பிரஷர், கிட்னி தொந்தரவு உள்ளவர்கள் கேட்காமல் இதைச் செய்ய வேண்டாம்.) மதியம் தட்டு நிறையச் சோறு சாப்பிட்டால் படபடப்பு கூடுகிறது. அதனால் கொஞ்சம் சோறு, கூட முட்டை அல்லது சுண்டல், அப்புறம் நாலு மணிக்கு இன்னொரு சின்னச் சாப்பாடு.

இன்னொன்று. இந்த நோய் உள்ள நம்மில் சிலருக்கு மரத்துப்போகும் ஊசி சரியாகப் பிடிக்காது. பல் டாக்டரிடம் உட்காரும் முன்பே சொல்லிவிடுங்கள். போன தடவை நான் சொன்னதும் அவர் கூடுதலாக ஒரு ஊசி போட்டு, ஈறைக் குத்திப் பார்த்துவிட்டுத்தான் குறடை எடுத்தார்.