சயூலிட்டாவில் லாங்போர்டுக்குள் தண்ணீர், காயவே மாட்டேன் என்கிறது

இடம்: மெக்சிகோ, நயாரிட் மாநிலக் கடற்கரையில் சயூலிட்டா. 9 அடி 2 அங்குல லாங்போர்டு (நீளமான அலைச்சறுக்குப் பலகை). உள்ளே இபிஎஸ் நுரை (தெர்மோகோல் வகை), மேலே எபாக்சி ரெசின் உறை. விமானத்தில் வந்தபோதே நடு ஃபின் பாக்ஸ் (பலகையின் அடியில் துடுப்பைச் செருகும் பெட்டி) ஓரம் மயிரிழை விரிசல் விழுந்திருக்கிறது. கவனிக்காமல் இரண்டு நாள் அலையில் இறக்கியாயிற்று. இப்போது வால் பக்கம் கனக்கிறது; விரலால் அழுத்தினால் குமிழியோடு உப்புநீர் கசிகிறது.

மூன்று நாளாக நிழலில், வாலைக் கீழே வைத்துச் சாய்த்தும் சொட்டு நிற்கவில்லை. வெயிலில் வைக்கப் பயம், சூட்டில் மேலுறை நுரையை விட்டுப் பிரிந்துவிடும். கடையில் கிடைத்தது பாலியெஸ்டர் ரெசின். அது இபிஎஸ்ஸைக் கரைக்கும், எனவே தொடவில்லை. ஆகஸ்ட் மாத ஈரக்காற்று வேறு. கையில் 6 நாள் இருக்கிறது.

எபாக்சி பூசுமுன் நீரை வடிக்க வால் நுனியில் 5 மி.மீ. துளை போட்டால் போதுமா, ஃபின் பாக்ஸையே பெயர்த்தெடுக்க வேண்டுமா?