மால்டொனாடோவின் பார்சிலோனா வெற்றி வெறும் அதிர்ஷ்டமா?

கேள்வி: ஃபார்முலா 1 கார் பந்தய ஓட்டுநர் பாஸ்டர் மால்டொனாடோ என்றாலே மோதல்கள்தான் நினைவுக்கு வருகின்றன. 2012இல் பார்சிலோனாவில் நடந்த ஸ்பெயின் கிராண்ட் பிரி பந்தயத்தில் ஜெயித்தது, தொடக்க வரிசையை முடிவு செய்யும் தகுதிச்சுற்றில் போட்டியாளர் ஹாமில்டன் தண்டிக்கப்பட்டதால் மட்டும்தானா?

பதில் 1: இல்லைங்க. தொடக்க வரிசையில் முதலிடம் அப்படிக் கிடைத்தது, சரி. ஆனால் பந்தயம் தொடங்கியதுமே இன்னொரு ஓட்டுநர் அலோன்சோ அவரை முந்திவிட்டார். அப்புறம் மால்டொனாடோவின் வில்லியம்ஸ் அணி இரண்டாவது டயர் மாற்றத்தை முன்கூட்டியே செய்தது. புது டயரில் விரட்டி ஓட்டி முன்னால் வந்தார். கடைசியில் அலோன்சோ வாலைப் பிடித்தபடி துரத்தியும் மனிதர் தடுமாறவே இல்லை. 2004க்குப் பிறகு அந்த அணிக்கு முதல் வெற்றி! நான் எழுந்து நின்றே பார்த்தேன்.

பதில் 2: அடுத்த மாதமே வலென்சியாவில் ஹாமில்டனோடு மோதினார். 2014 பஹ்ரைனில் இடித்த இடியில் கூட்டியெரஸின் கார் உருண்டது. அதையும் மறக்க முடியவில்லை.

பதில் 1: உண்மைதான். ஆனாலும் பார்சிலோனாவின் அந்த 66 சுற்றுகளை முழுசாகப் பாருங்கள்.