மாடி ரூட்டரில் சிக்னல் முழுதாக இருக்கிறது, இணையம் இல்லை (அவசரம்)

மாடிப்படி:
வணக்கம். கீழே ஒரு ரூட்டர், மாடியில் ஒரு ரூட்டர். இரண்டையும் கேபிள் இல்லாமல் இணைத்துவிட்டேன். மாடியில் சிக்னல் முழுதாகக் காட்டுகிறது, ஆனால் ஒன்றும் திறக்கவில்லை. பாஸ்வேர்டு சரிதான், பலமுறை பார்த்துவிட்டேன். நாளைக் காலை மாடியிலிருந்துதான் அலுவலக வேலை பார்க்க வேண்டும். தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

செப்புக்கம்பி:
கேபிள் இழுங்கள். தீர்ந்தது.

வெண்ணாறு:
என்ன ரூட்டர்? கீழே இருப்பது ஃபைபர் இணைப்போடு வந்த பெட்டியா, நீங்களே வாங்கியதா? "இணைத்துவிட்டேன்" என்றால் எந்த முறையில்? ரிப்பீட்டரா, டபிள்யூடிஎஸ் பிரிட்ஜா (இரண்டு ரூட்டரையும் காற்றிலேயே ஒரே வலையமைப்பாக்கும் பாலம்)? மாடியில் இருந்துகொண்டு கீழ் ரூட்டரின் அமைப்புப் பக்கத்தையாவது திறக்க முடிகிறதா?

பழைய மோடம்:
தம்பி, மாடல் எண் இல்லாத கேள்விக்கு விடை சொல்ல நான் ஜோசியர் இல்லை. இதே கேள்வி இங்கே எத்தனையோ முறை வந்து போயிருக்கிறது. தேடிப் படித்துவிட்டு, அதற்குப் பிறகும் சந்தேகம் இருந்தால் கேட்கலாம்.

அலைவரிசை:
வைஃபை சேனல்தான் காரணம், சந்தேகமே வேண்டாம். இரண்டு ரூட்டரும் ஒரே சேனலில் இருந்தால்தான் பிரிட்ஜ் நிற்கும். ஃபைபர் பெட்டிகள் "தானியங்கி" என்ற நிலையில்தான் வரும். பக்கத்து வீட்டு வைஃபை கூடினால் தானாகவே சேனல் மாறிவிடும், மாடி ரூட்டர் பழைய சேனலிலேயே காத்துக்கிடக்கும். கீழே 1, 6, 11 மூன்றில் ஒன்றை நிலையாக வையுங்கள். 12, 13 வேண்டாம். நம் நாட்டில் அவற்றுக்குத் தடை இல்லை, ஆனால் அமெரிக்க அமைப்போடு வந்த பழைய ரூட்டர்களுக்கு 11க்கு மேல் கண் தெரியாது.

மாடிப்படி:
கீழே ஃபைபர் பெட்டி. மாடியில் பழைய ரூட்டர், அடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் அழிந்துவிட்டது, மாடல் தெரியவில்லை. இரண்டு ஆன்டெனா, 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும். அதில் டபிள்யூடிஎஸ் என்று ஒரு கட்டம் இருந்தது. டிக் செய்து, தேடச் சொல்லி, எங்கள் வீட்டு வைஃபையைத் தேர்ந்தெடுத்துச் சேமித்தேன். "இயங்குகிறது" என்று காட்டுகிறது. அமைப்புப் பக்கம் 192.168.1.1 நன்றாகவே திறக்கிறது. இதற்கு மேல் என்ன விவரம் வேண்டும் சார்?

தென்னந்தோப்பு:
பாதுகாப்பு முறையைப் பாருங்கள் அண்ணா. புதுப் பெட்டிகளில் டபிள்யூபிஏ3 இருக்கிறது, உங்கள் பழைய ரூட்டருக்கு அது தெரியாது. கீழே டபிள்யூபிஏ2, ஏஇஎஸ் என்று மாற்றிப் பாருங்கள். எங்கள் வீட்டில் அதுதான் காரணமாக இருந்தது.

அலைவரிசை:
பாதுகாப்பு முறை பொருந்தாவிட்டால் பிரிட்ஜே ஏறாது. "இயங்குகிறது" என்று காட்டுவதாகச் சொல்கிறாரே. சேனலைப் பாருங்கள்.

வெண்ணாறு:
192.168.1.1 திறக்கிறது, சரி. திறப்பது எந்த ரூட்டரின் பக்கம்? கீழ்ப் பெட்டியுடையதா, மாடியில் இருப்பதுடையதா? அதைப் பார்த்துச் சொல்லுங்கள். மாடி ரூட்டரில் டிஎச்சிபி (கருவிகளுக்குத் தானாக முகவரி கொடுக்கும் வசதி) இயங்குகிறதா, நிறுத்திவிட்டீர்களா என்பதும் வேண்டும்.

பழைய மோடம்:
யாரும் அடிப்படையைத் தொடாமல் சுற்றிச் சுற்றி வருகிறீர்கள். கைபேசியிலிருந்து ரூட்டருக்குச் சாதாரண வைஃபையில் போகும் ஒவ்வொரு பொட்டலத்திலும் மூன்று மேக் முகவரிகள் (ஒவ்வொரு கருவிக்கும் உரிய வன்பொருள் எண்) இருக்கும்: அனுப்புகிற கைபேசி, வாங்குகிற ரூட்டர், கடைசியில் போய்ச் சேர வேண்டிய இடம். பிரிட்ஜுக்கு நான்கு வேண்டும். ஏனென்றால் பொட்டலத்தை எழுதிய கைபேசி வேறு, காற்றில் அதைக் கீழே தள்ளிவிடும் மாடி ரூட்டர் வேறு. நான்கு முகவரி வடிவம் ஐஇஇஇ 802.11 தரத்தில் இருக்கிறது. ஆனால் அதை வைத்து இரண்டு பெட்டிகள் எப்படி உறவு கொண்டாட வேண்டும் என்பதைத் தரம் சொல்லவில்லை. வைஃபை அலையன்ஸ் டபிள்யூடிஎஸ்ஸுக்குச் சான்று கொடுப்பதும் இல்லை. ஆளுக்கு ஒரு விதமாகச் செய்து வைத்திருக்கிறார்கள். ஃபைபரோடு இலவசமாக வரும் பெட்டியில் பெரும்பாலும் இந்த வசதியே இருக்காது. இரண்டும் ஒரே நிறுவனம், முடிந்தால் ஒரே சிப்செட்டாக இருந்தால்தான் பேச வேண்டும். இது தெரியாமல் கட்டம் இருக்கிறதே என்று டிக் போட்டால் இப்படித்தான் ஆகும்.

தென்னந்தோப்பு:
ஐயா, அவர் அவசரம் என்று கேட்டிருக்கிறார். கொஞ்சம் பொறுமையாகச் சொல்லக் கூடாதா?

பழைய மோடம்:
பொறுமையாகத்தான் சொன்னேன்.

செப்புக்கம்பி:
மூன்று முகவரி, நான்கு முகவரி எல்லாம் எதற்கு? லேன் கேபிள் 100 மீட்டர் வரை போகும். மாடிக்கு 15 மீட்டர் இருந்தால் தாராளம். ஜன்னல் வழியாக வெளியே எடுத்து, சன்ஷேடு ஓரமாகக் கிளிப் அடித்து, மேல் ஜன்னலில் உள்ளே விடுங்கள். அரை நாள் வேலை. வாழ்நாள் முழுக்கத் தொல்லை இல்லை.

அரசமரம்:
வெளிச்சுவரில் கேபிளா? எங்கள் வீட்டில் அப்படித்தான் இழுத்தோம். ஐப்பசி மழையில் பக்கத்துத் தென்னையில் இடி விழுந்தது. மறுநாள் ரூட்டரில் லேன் போர்ட் மட்டும் செத்திருந்தது, மறுமுனையில் டிவியின் போர்ட்டும் போயிருந்தது. வைஃபை ஜம்மென்று வேலை செய்தது. கேபிள் சொல்லும் முன் இதையும் சொல்லுங்கள்.

செப்புக்கம்பி:
இடி விழுந்தால் மின்சார வயரிலும்தான் வரும். அதற்காக வீட்டில் விளக்குப் போடாமல் இருக்கிறோமா?

அரசமரம்:
விளக்கு போனால் விளக்கோடு போகும். அமைப்பையெல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்த ரூட்டர் போனால்தான் தெரியும். நாளைக்கு அலுவலகம் என்பவரிடம் சுவரில் கிளிப் அடிக்கச் சொல்கிறீர்கள்.

செப்புக்கம்பி:
அப்படியானால் வீட்டுக்குள்ளேயே மாடிப்படி ஓரமாகக் காசிங்கில் விடுங்கள். ஒன்று மட்டும், கடையில் கேட்6 என்று கேட்டால் போதாது. விலை குறைவாகச் சொன்னால் அலுமினியக் கம்பிக்குச் செம்பு முலாம் பூசியதாக இருக்கும். ஒரு கம்பியின் முனையைப் பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இரண்டு முறை வளைத்தாலே ஒடியும். எட்டுக் கம்பிகளில் ஒன்று விட்டாலே ஜிகாபிட் வராது, 100க்கு இறங்கிவிடும், இல்லாவிட்டால் இணைப்பே வராது. எலெக்ட்ரீஷியன்கள் பலருக்கு இந்த வித்தியாசமே தெரிவதில்லை.

பழைய மோடம்:
இந்த விவாத இழைக்குச் சம்பந்தமில்லாத பேச்சு. (பிளேடு கூட வேண்டாம், கையில் தூக்கிப் பார்த்தாலே எடையில் தெரியும்.)

நெய்தல்:
இவ்வளவு பாடு எதற்கு? மெஷ் பெட்டி (தாமாகவே ஒன்றோடொன்று சேர்ந்து வீடு முழுக்க ஒரே வைஃபை தருபவை) இரண்டு வாங்கி வைத்தால் முடிந்தது. வேறு வேறு நிறுவனப் பெட்டிகளும் சேர்ந்து வேலை செய்ய வேண்டும் என்று 2018இல் ஈஸிமெஷ் என்ற சான்று முறையே வந்துவிட்டது.

வெண்ணாறு:
பழைய ரூட்டரை வீணாக்க வேண்டாம் என்றுதானே அவர் முயல்கிறார். மாடிப்படி, இருக்கிறீர்களா? திறப்பது எந்த ரூட்டரின் பக்கம்?

மாடிப்படி:
பார்த்தேன், மாடி ரூட்டரின் பக்கம்தான். டிஎச்சிபியை நான் தொடவில்லை. சேனல் 6 வைத்துவிட்டேன், டபிள்யூபிஏ2 மாற்றிவிட்டேன், பலன் இல்லை. இன்னொன்று, இதற்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா என்று தெரியவில்லை. மாடி ரூட்டரைப் போட்டால் கொஞ்ச நேரத்தில் கீழே அம்மா பார்க்கும் டிவியும் நின்றுவிடுகிறது. அணைத்தால் தானாக வந்துவிடுகிறது. அம்மா திட்டுகிறார்கள்.

வெண்ணாறு:
சம்பந்தமா? விடையே அதுதான். சேனலும் இல்லை, பாதுகாப்பு முறையும் இல்லை. உங்கள் பிரிட்ஜ் உண்மையிலேயே வேலை செய்கிறது, அதனால்தான் டிவி நிற்கிறது.

இரண்டு ரூட்டருக்கும் முகவரி 192.168.1.1. தனித்தனியாக இருந்தவரை தொல்லை இல்லை. பிரிட்ஜ் போட்டதும் இரண்டும் ஒரே வலையமைப்புக்குள் வந்துவிட்டன. ஒரே பந்தலில் இரண்டு பேர் "நான்தான் தாய்மாமன்" என்று சீர்த்தட்டோடு வந்து நிற்கிற கதை. கீழே டிவி "192.168.1.1 யார்?" என்று கேட்கும்போது சில வேளை மாடி ரூட்டர் முந்திக்கொண்டு "நான்" என்கிறது. டிவி எல்லாவற்றையும் அதனிடம் அனுப்புகிறது. அதன் பின்னால் இணையம் ஏது? இணையம் உள்ளே வரும் வேன் போர்ட்டில் ஒன்றும் செருகவில்லையே. மாடியில் கைபேசிக்கும் இதே நிலைதான். அதற்கு முகவரி கொடுப்பதும் மாடி ரூட்டர், "வெளியே போக என்னிடம் வா" என்று சொல்வதும் மாடி ரூட்டர். சிக்னல் முழுதாகத்தான் காட்டும்.

செய்ய வேண்டியதை இந்த வரிசையிலேயே செய்யுங்கள், மாற்றினால் உள்ளே நுழைய முடியாமல் மாட்டிக்கொள்வீர்கள். லேப்டாப்பின் வைஃபையை அணைத்துவிட்டு, மாடி ரூட்டரின் லேன் போர்ட்டில் கேபிளால் இணையுங்கள். பிரிட்ஜ் டிக்கை இப்போதைக்கு எடுத்துவிடுங்கள். லேன் அமைப்பில் முகவரியை 192.168.1.254 ஆக்கிச் சேமியுங்கள். ரூட்டர் அணைந்து எழும். பழைய முகவரியில் பக்கம் திறக்காது. பலர் இந்த இடத்தில்தான் பயந்துபோய் ரீசெட் பொத்தானில் குண்டூசியைக் குத்துகிறார்கள். வேண்டாம். பிரவுசரில் 192.168.1.254 என்று அடித்தால் திறக்கும். அங்கே டிஎச்சிபியை நிறுத்துங்கள். நிறுத்திய பிறகு லேப்டாப்புக்கு முகவரி கிடைக்கவில்லை என்றால் கையால் 192.168.1.50, மாஸ்க் 255.255.255.0 என்று கொடுங்கள். கடைசியாகப் பிரிட்ஜைத் திரும்பப் போடுங்கள். கீழ்ப் பெட்டியின் டிஎச்சிபி பட்டியல் 254 வரை போகிறதா என்று ஒருமுறை பாருங்கள். போனால் 253இல் நிறுத்திவிடுங்கள்.

வெண்ணாறு:
ஒன்று விட்டுவிட்டது. மாடி ரூட்டரை எங்கே வைத்திருக்கிறீர்கள்? சிக்னல் வராத அறைக்குள்ளேயே வைத்தால் அதற்கும் கீழே இருப்பது கேட்காது. கான்கிரீட் தளத்துக்குள் இரும்புக் கம்பி இருக்கிறது, அலை நேராக மேலே ஏறத் திணறும். படிக்கட்டு முடியும் இடம்தான் நல்லது.

பழைய மோடம்:
முகவரி மோதல் என்பது அடிப்படை. நான் சொல்ல வந்ததும் இதுதான்.

தென்னந்தோப்பு:
ஐயா, நீங்கள் சொன்னது நான்கு முகவரி. இவர் சொல்வது ஒரே முகவரி.

பழைய மோடம்:
இரண்டும் இருக்கலாம் என்றேன். முகவரியை மாற்றிய பிறகு மாடி ரூட்டரின் சோதனைப் பக்கத்திலிருந்து 192.168.1.1க்கு பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனைச் செய்தி) போகட்டும். அது போய், கைபேசியிலிருந்து மட்டும் போகவில்லை என்றால் என்னிடம் வர வேண்டியிருக்கும்.

வெண்ணாறு:
அந்தச் சோதனை நல்ல யோசனை, ஒப்புக்கொள்கிறேன்.

நெய்தல்:
எப்படிச் செய்தாலும் வேகம் பாதிதான் வரும். மாடி ரூட்டருக்கு இருப்பது ஒரே ரேடியோ. கீழிருந்து வாங்கவும் அதுதான், கைபேசிக்குக் கொடுக்கவும் அதுதான். ஒன்றைச் செய்யும்போது மற்றதைச் செய்ய முடியாது.

அலைவரிசை:
பாதி என்பது பொத்தாம்பொதுவான பேச்சு. இரண்டு பேண்ட் இருக்கும் ரூட்டரில் 5 வழியாக வாங்கி 2.4 வழியாகக் கொடுக்கலாம், அங்கே பாதியாவதில்லை.

நெய்தல்:
அவரிடம் இருப்பது 2.4 மட்டும் என்று மேலேயே எழுதியிருக்கிறார். படித்துவிட்டுப் பேசலாம்.

அலைவரிசை:
பொதுவாகச் சொன்னேன்.

மாடிப்படி:
வந்துவிட்டது. நன்றி.

வெண்ணாறு:
மகிழ்ச்சி. முகவரி மாற்றியதுமே வந்ததா, டிஎச்சிபி நிறுத்திய பிறகா? பிங் போனதா? பின்னால் வருகிறவர்களுக்கு உதவும்.

தென்னந்தோப்பு:
ஆளைக் காணோம். வேலைக்குப் போயிருப்பார்.

அரசமரம்:
சேனல் 6ஐ மாற்றாமல் அப்படியே விட்டிருந்தால் நல்லது. அதைத் திரும்பத் தானியங்கியில் போட்டுவிட்டு நாளை இன்னோர் இழை தொடங்கிவிடப் போகிறார்.

மாடிப்படி:
மன்னிக்கவும், அலுவலகக் கூட்டம் இருந்தது. எதனால் சரியானது என்று பார்க்கவில்லை, எல்லாம் செய்த பிறகுதான் சோதித்தேன். கீழே 100 எம்பிபிஎஸ் திட்டம், மாடியில் 28 வருகிறது. காணொளிக் கூட்டத்துக்குப் போதுமானதாக இருக்கிறது. ஆனால் நான் பெரிய கோப்பு இறக்கும்போது அம்மாவின் டிவி இடையிடையே சுற்றுகிறது. இதற்கு ஏதாவது வழி உண்டா?

நெய்தல்:
நான் சொன்னேன்.

வெண்ணாறு:
டிவியும் பிரிட்ஜும் ஒரே 2.4 சேனலைப் பங்கு போடுகின்றன. உங்கள் ஃபைபர் பெட்டியில் 5 இருக்கும், டிவியில் அந்த வசதி இருந்தால் அதற்கு மாற்றுங்கள். 5க்குத் தனிப் பெயர் வைத்துவிட்டால் டிவி தானாக 2.4க்கு இறங்காது. 2.4இன் பெயரைத் தொடாதீர்கள், பிரிட்ஜ் அறுந்துவிடும்.

செப்புக்கம்பி:
டிவிக்கும் ஃபைபர் பெட்டிக்கும் இடையே எவ்வளவு தூரம்?

மாடிப்படி:
இரண்டும் ஒரே மேஜையில்தான் இருக்கின்றன.

செப்புக்கம்பி:
ஒரு மீட்டர் கேபிள். வெளிச்சுவர் இல்லை, சன்ஷேடு இல்லை, இடியும் இல்லை.

அரசமரம்:
இதற்கு நான் மறுப்புச் சொல்லவில்லை.