3 மாதம் மாத்திரை போட்டும் ஹீமோகுளோபின் ஏறவில்லை

ஊர்: தருமபுரி மாவட்டம் அரூர் பக்கம். பெண்ணுக்கு வயது 24, கர்ப்பம் இல்லை. ஹீமோகுளோபின் 10.4. இரும்பு மாத்திரை (60 மி.கி.) தினம் ஒன்று, 3 மாதம். இப்போது 10.5. ஒழுங்காகச் சாப்பிட்டால் ஒரு மாதத்திலேயே 1 கிராமாவது ஏறியிருக்க வேண்டும்.

சாப்பிடவில்லையோ என்று சந்தேகப்பட்டு காலி அட்டைகளை எண்ணியாயிற்று, கணக்கு சரி. மலமும் (இரும்பு மாத்திரை சாப்பிட்டால் போவது போல) கறுப்பாகத்தான் போகிறது. டீயை மாத்திரைக்கு 2 மணி நேரம் தள்ளி வைத்து, எலுமிச்சைச் சாறோடு கொடுத்தோம். குடற்புழுவுக்கு அல்பெண்டசோல் 400 மி.கி. கொடுத்தாயிற்று. மாதவிடாய் 4 நாள், கட்டி கட்டியாகப் போவதில்லை.

பிறகுதான் முழு ரத்தப் பரிசோதனை பார்த்தோம் (முதலிலேயே பார்த்திருக்கலாம்). எம்.சி.வி. (சிவப்பணுவின் சராசரி அளவு) 64, சிவப்பணு 54 லட்சம் (அதாவது 5.4 மில்லியன்), ஃபெரிட்டின் (உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டுவது) 62, அதாவது இரும்பு குறைவாக இல்லை; சி.ஆர்.பி. (அழற்சியைக் காட்டுவது) நார்மல். எம்.சி.வி. 64-ஐ சிவப்பணு எண்ணிக்கை 5.4-ஆல் வகுத்தால் 12 கூட வரவில்லை. 13-க்குக் கீழே என்றால் இரும்புக் குறைவை விடத் தலசீமியா (பரம்பரையாக வரும் ஹீமோகுளோபின் குறைபாடு) கடத்தியாக, அதாவது குறையுள்ள மரபணு ஒன்றை மட்டும் கொண்டவராக, இருக்கவே வாய்ப்பு அதிகம். அடுத்த வருடம் குழந்தைக்குத் திட்டமிடுகிறார்கள். கணவரும் கடத்தி என்றால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்குக் கடுமையான தலசீமியா வர நாலில் ஒரு பங்கு ஆபத்து.

இருவருக்கும் எச்.பி.ஏ2 (தலசீமியா கடத்தியைக் கண்டறிய உதவும் ஹீமோகுளோபின் வகை) அளவு பார்க்கும் எச்.பி.எல்.சி. ரத்தச் சோதனையை அரூரிலிருந்து ஒரே நாளில் போய்வரும் தூரத்தில் எந்த அரசு மருத்துவமனையில் இலவசமாகச் செய்கிறார்கள்?