புதுப்பிப்பு: எங்க ஊர்க் கண்மாய்க் கரைக் கசிவு

தேவிபட்டினம் பக்கம் எங்க ஊர்க் கண்மாயில், கரையின் வெளியடியில் தண்ணீர் கசிகிறது என்று போன வாரம் எழுதியிருந்தேன். கரை நிற்கிறது, பயப்பட வேண்டாம்.

ஓய்வுபெற்ற பாசனப் பொறியாளர் ஒருவர் வந்து பார்த்தார். கசியும் நீரைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து அரை மணி நேரம் வைத்தார். அடியில் மண் படியவில்லை. மண்கரையில் தெளிந்த நீர் கொஞ்சம் கசிவது சகஜம்தானாம். கலங்கி வந்தால்தான் உள்ளே மண் அரிக்கிறது என்று அர்த்தம்.

கசிவை அடைக்கக் களிமண் அப்பச் சொல்லி அந்தப் பதிவில் சிலர் எழுதியிருந்தீர்களே, நானும் இரண்டு கூடை அப்பியிருந்தேன். பொறியாளரிடம் நல்லா வாங்கிக் கட்டிக்கொண்டேன்! வெளிப்பக்கம் அடைத்தால் தண்ணீர் வேறு இடத்தில் பிய்த்துக்கொண்டு கிளம்புமாம். களிமண்ணை எடுத்துவிட்டு மணல், அதன்மேல் சல்லி, அதற்கும் மேல் கல் பரப்பினோம். தண்ணீர் வரும், மண் வராது.

கரையிலுள்ள சீமைக்கருவேலத்தை இப்போது பிடுங்கப் போவதில்லை. நீர் நிற்கும்போது வேரோடு பிடுங்கினால் கரையில் குழி விழும். வெட்டி மட்டும் விட்டாலும் வேர் மட்கி, நீருக்குக் குழாய் போட்ட மாதிரி ஆகிவிடும். கோடையில் தோண்டியெடுத்து, மண் போட்டுத் திமிசுக் கட்டையால் இடித்து இறுக்க வேண்டும்.

உண்மையான ஆபத்து கலுங்கில், அதாவது கண்மாய் நிரம்பினால் உபரி நீர் வெளியேறும் இடத்தில், இருந்தது. கூடுதலாகத் தேக்க யாரோ மணல் மூட்டை அடுக்கியிருக்கிறார்கள். ஒரு நல்ல மழைக்குக் கரைமேல் வழிந்திருந்தால் மண்கரை தாங்காது. மூட்டைகளை எடுத்ததற்கு ஒரே சண்டை. எங்க ராமநாதபுரம் வைகையின் கடைமடை மாவட்டம், தண்ணீரை வெளியே விட யாருக்கு மனசு வரும்?

கரை விஷயமாகக் கொடுத்த மனுவுக்கு இன்னும் பதில் இல்லை. டிசம்பர் வரை ராத்திரி முறை போட்டுக் கரையைச் சுற்றுகிறோம். இன்று என் முறை.