30 நாள் விபஸ்ஸனா முகாம்: வீட்டுச் செய்தியை உள்ளே அனுப்பலாமா?

திண்ணை:
மகாராஷ்டிரத்தில் உள்ள இகத்புரி மையத்துக்கு 30 நாள் விபஸ்ஸனா (மூச்சையும் உடல் உணர்வையும் கவனிக்கும் மௌனத் தியானம்) முகாம் போகிறவரின் கணவரோ மனைவியோ வீட்டில் என்ன செய்ய வேண்டும் என்ற கேள்வி மறுபடியும் வந்திருக்கிறது. என் கட்சி இதுதான்: சாவுச் செய்தி தவிர எதுவும் உள்ளே போகக் கூடாது. முக்கியமாக முதல் பத்து நாளில்.

பத்து நாள் முகாமில் மூன்றரை நாள்தான் ஆனாபானம், அதாவது மூச்சைக் கவனிப்பது. 30 நாளில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது பத்து நாள் முழுக்க மூச்சு மட்டும். மேலுதட்டுக்கு மேல், மூக்குத் துவாரத்துக்குக் கீழ் உள்ள சின்ன இடத்திலேயே மனசை நிறுத்த வேண்டும். அசைபோட வேறு எதுவும் கிடைக்காத மனசு, கொடுத்ததை விடாது. "பாப்பாவுக்குக் காய்ச்சல், கவலைப்படாதே" என்று சொல்லி அனுப்பினால், வீட்டில் மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கி பிள்ளை பள்ளிக்கூடம் போய்விடும். உள்ளே இருப்பவருக்கு அது இன்னும் 102 டிகிரிதான். இறங்கிவிட்டதா என்று கேட்க அவரிடம் போன் கிடையாது.

கரிசல்மண்:
திண்ணை ஐயா, காய்ச்சல் விஷயத்தில் உங்களோடு ஒத்துப்போகிறேன். "சாவு தவிர எதுவும் கூடாது" என்பதை ஏற்க முடியாது. பிள்ளைக்குக் குடல்வால் அறுவை சிகிச்சை என்றால்? ஆஸ்பத்திரியில் ஒரு பெற்றோர் கையெழுத்துப் போட்டால் வேலை நடந்துவிடும். ஆனால் 31-ஆம் நாள் "என்னிடம் ஏன் சொல்லவில்லை" என்று ஒரு கேள்வி வரும் பாருங்கள், அது பல வருஷம் வீட்டுக்குள் நிற்கும். உள்ளே இருப்பவரின் அமைதியைக் காக்கிற பாரம் முழுவதையும் வெளியே இருப்பவர் தலையில் தனியாக ஏற்றுவது எந்த ஊர் நியாயம்? இந்த முகாம்களை இந்தியாவில் தொடங்கிய ஆசிரியர் கோயங்கா 1969-ல் பர்மாவிலிருந்து இந்தியா வந்ததே அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்பதால்தான். முதல் முகாமில் உட்கார்ந்தவர்களில் அவருடைய அப்பா அம்மாவும் உண்டு. குடும்பமும் தியானமும் எதிரெதிர் என்று அவர் நினைக்கவில்லை.

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு இரண்டு பேரும் உட்கார்ந்து ஒரே தாளில் எழுதிக்கொள்ளுங்கள். எதற்குச் சொல்லி அனுப்புவது, எதற்கு வீட்டில் இருப்பவரே முடிவெடுப்பது, எதைத் திரும்பி வந்தபின் சொல்வது. மூன்றாவதுதான் கஷ்டம். அதில் ஒவ்வொரு வரிக்கும் போகிறவர் வாயால் "சரி" சொல்ல வேண்டும்.

ரயிலடி:
சாவு என்றாலே யோசிக்க வேண்டியது தூரம். இகத்புரி மும்பையிலிருந்து சுமார் 130 கிலோமீட்டர், கசாரா மலைப்பாதை ஏறிப் போக வேண்டும். காலையில் செய்தி கிடைத்தால் கார், விமானம் பிடித்துச் சென்னை சேர இரவாகிவிடும். தென்மாவட்டம் என்றால் மறுநாள்தான். அப்பாவுக்குக் கொள்ளி போட வேண்டிய மூத்த மகன் உள்ளே இருக்கிறார் என்றால், குளிர்பெட்டியில் ஒரு நாள் வைத்துக் காத்திருப்பதா, தம்பி போட்டுவிடுவதா என்பதை முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போகட்டும். பெரியவர் ஏற்கெனவே படுக்கையில் இருந்தால் அந்த வருஷம் விண்ணப்பமே வேண்டாம்.

பணத்தில் எல்லோரும் தடுக்கி விழுவது ஓடிபியில். போனை முதல் நாளே வாங்கிப் பூட்டிவிடுவார்கள். வங்கியில் பதிந்த எண்ணும் அதற்குள் போய்விடும். போகிறவருக்கு இரண்டு சிம் இருந்தால் வங்கி சிம்மை வீட்டில் கழற்றி வைத்துவிட்டு இன்னொன்றோடு ரயில் ஏறட்டும். கிளம்பிய பிறகு செய்து பழகாமல், பத்து நாள் முன்பே அந்த சிம்மை வீட்டுப் போனில் போட்டு ஒரு முறை பணம் அனுப்பிப் பாருங்கள்.

திண்ணை:
கரிசல்மண் சொல்லும் தாளை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பட்டியல் நீளக் கூடாது. கோயங்காவே முகாமை மனசுக்குச் செய்யும் ஆழமான அறுவை சிகிச்சை என்றுதான் சொல்லியிருக்கிறார். பாதியில் எழுந்து போகச் சொல்ல அதற்குத் தக்க காரணம் வேண்டும்.

இன்னொன்று. பைக்குள் தெரியாமல் கடிதம் வைக்காதீர்கள். பிள்ளைகள் வரைந்த படத்தைச் சட்டை மடிப்புக்குள் செருகி அனுப்புகிறார்கள். படிக்க, எழுத எதையும் உள்ளே வைத்துக்கொள்ளக் கூடாது என்பது விதி. இரண்டாம் நாள் சட்டையை உதறும்போது அந்தப் படம் தரையில் விழும். அதைக் கொண்டுபோய் ஒப்படைக்கவும் மனசு வராது, பக்கத்தில் வைத்துக்கொண்டு கண்ணை மூடவும் முடியாது. கிளம்பும் முந்தின இரவுச் சண்டையும் அப்படித்தான். மூச்சைப் பார்க்கிற பத்து நாளும் அந்தக் கடைசிப் பேச்சு திரும்ப ஓடும். பேசவேண்டியதை ஒரு வாரம் முன்பே பேசி முடியுங்கள்.

மருந்துப்பெட்டி:
உடம்பு விஷயம். 30 நாளுக்குப் போகிறவர்கள் 20 நாள் முகாம் முடித்த பழைய மாணவர்கள். எட்டு சீலம் (ஒழுக்க விதிகள்), பகல் 12-க்கு மேல் சாப்பாடு இல்லை, மாலை எலுமிச்சைத் தண்ணீர் மட்டும். 11 மணிச் சாப்பாட்டிலிருந்து மறுநாள் ஆறரை மணிக் காலை உணவு வரை பத்தொன்பதரை மணிநேரம். சர்க்கரைக்கு கிளிமிபிரைடு மாதிரி மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவருக்கு ராத்திரி சர்க்கரை அபாயமாக இறங்கும். மருத்துவரிடம் அளவைப் பேசி, விண்ணப்பத்திலேயே எழுதிவிட வேண்டும். உடல்நிலைக்காக மாலை உணவு கேட்டால் கொடுப்பார்கள். மனநல மாத்திரையை "தியானம் பார்த்துக்கொள்ளும்" என்று யாரும் நிறுத்தக் கூடாது. வீட்டில் இருப்பவர் பிடிவாதமாக நிற்க வேண்டிய இடம் இது.

காப்பியைக் குறைப்பதும் வீட்டு வேலைதான். நிறுத்திய அன்றோ மறுநாளோ தலைவலி ஆரம்பித்து இரண்டு நாளில் உச்சிக்குப் போகும். இரண்டு வாரம் முன்பே மாலைக் காப்பியில் டிகாஷனைப் பாதியாக்கி, அடுத்த வாரம் நிறுத்திவிடுங்கள்.

கரிசல்மண்:
இங்கே எல்லோரும் கணவன் போகிறார், மனைவி வீட்டில் என்ற நினைப்பிலேயே எழுதுகிறீர்கள். மனைவி போனால் நடப்பது வேறு. அவர் 30 நாளுக்கும் பொடி, தொக்கு, மாவு என்று செய்து அடுக்கிக் களைத்துப்போய் ரயில் ஏறுகிறார். மாவு ஃபிரிட்ஜில் நாலைந்து நாளுக்கு மேல் புளிக்கும். ஐந்தாம் நாள் "உளுந்து எவ்வளவு" என்று கேட்க முகாம் அலுவலகத்துக்கு யாரும் போன் போடக் கூடாது. அவர் இருக்கும்போதே கணவர் இரண்டு முறை அரைத்துப் பழகட்டும். நாலு இட்லி அரிசிக்கு ஒரு உளுந்து, அரை ஸ்பூன் வெந்தயம், உளுந்தைத் தனியாகப் பொங்கப் பொங்க அரைப்பது. பால்காரர் கணக்கு, பிள்ளையின் வேன் நேரம், சிலிண்டர் பதிவு எண் எல்லாம் கணவர் கையெழுத்திலேயே இருக்கட்டும்.

திண்ணை:
இதை நான் யோசிக்கவில்லை, சரிதான். அறுவை சிகிச்சையைப் பட்டியலில் சேர்ப்பதில் மட்டும் எனக்கு இன்னும் உடன்பாடில்லை. முடிந்த பிறகு, பிள்ளை நலமாக வீடு திரும்பியபின் சொல்லலாமே.

கரிசல்மண்:
சொல்லலாம், போகிறவர் அதற்கு முன்பே "சரி" சொல்லியிருந்தால். அவருக்குப் பதிலாக நீங்களோ நானோ சொல்ல முடியாது.

ரயிலடி:
போன் போட வேண்டி வந்தால் அழுதுகொண்டே நீளமாகப் பேசாதீர்கள். எடுப்பவர் சேவை செய்ய வந்த தன்னார்வலர், தமிழ் தெரிந்திருக்காது. மாணவரின் முழுப்பெயர், ஊர், ஆண் பகுதியா பெண் பகுதியா, முகாம் தொடங்கிய தேதி, என்ன நடந்தது, கிளம்பி வர வேண்டுமா அல்லது தகவல் மட்டுமா. ஆறையும் இந்தியிலோ ஆங்கிலத்திலோ எழுதி வைத்துப் படியுங்கள். ஆசிரியர் வழியாகத்தான் உள்ளே போகும். கடைசி வரியை விட்டுவிட்டால் உள்ளே இருப்பவர் தானே மூட்டை கட்டிக் கிளம்பிவிடுவார்.