இன்டராகேட்டரிக்கு "வணிக ரகசியம்" என்றே பதில்: அடுத்து என்ன மனு?

பாரிமுனை_ஜூனியர்:
சென்னை உயர் நீதிமன்ற ஐ.பி. டிவிஷனில் (அறிவுசார் சொத்துப் பிரிவு) காப்புரிமை வழக்கு. நாங்கள் வாதி தரப்பு. எதிரே ரூட்டர் தயாரிப்பாளர். கோர்ட் அனுமதி (லீவ்) வாங்கி 24 இன்டராகேட்டரி (எதிர்தரப்பு அபிடவிட்டில் பதில் சொல்ல வேண்டிய எழுத்துக் கேள்விகள்) கொடுத்தோம். பதில் அபிடவிட்டில் 15 கேள்விக்கு "வணிக ரகசியம்", 5-க்கு "எங்களிடம் இல்லை, சிப் விற்றவரிடம் கேளுங்கள்". சோர்ஸ் கோடும் (மென்பொருளின் மூல நிரல்) வரவில்லை. சிவில் நடைமுறைச் சட்டம் ஆர்டர் 11 ரூல் 21-இல் எதிர்வழக்குரையை நீக்கக் கேட்கலாமா?

வாய்தா_வேண்டாம்:
ரூல் 21-ஐத் தொடாதீங்க. 2015 கமர்ஷியல் கோர்ட்ஸ் சட்டம் வணிக வழக்குகளுக்கு ஆர்டர் 11-ஐ முழுசா மாத்திடுச்சு. பழைய 21 அதில் கிடையாது.

போதாத பதிலுக்கு ரூல் 2-இல் மனு: மேற்கொண்டு பதில் சொல்லணும், அபிடவிட்டாகவோ நேரில் வாய்மொழியாகவோ. ஆவணத்துக்கு ரூல் 5. முதலில் படிவம் 7-இல் நோட்டீஸ். கெடு 7 நாளுக்குக் குறையக்கூடாது, 15-ஐத் தாண்டக்கூடாது. இதை விட்டுட்டு நேரே வாதாடப் போறதுதான் வழக்கமான சொதப்பல். நோட்டீஸுக்கு அப்புறமும் தக்க காரணமில்லாமல் மறுத்தால்தான் ரூல் 5(4)-இல் பாதக அனுமானமும் (மறைத்த ஆவணம் அவங்களுக்கு எதிரானதுன்னு கோர்ட் எடுத்துக்கறது) செலவுத்தொகையும் கேட்க முடியும்.

அதைவிட முக்கியம், கேள்வியைச் சுருக்கறது. "ரூட்டரின் சோர்ஸ் கோடு முழுவதும்" என்றால் ஏதாவது சிக்குமான்னு வலை வீசறாங்கன்னு ஒரே வரியில் தள்ளிடுவாங்க. இப்படிக் கேளுங்க: "ஃபர்ம்வேர் 4.2-இல் எந்த சேனலுக்கு மாறுவது என முடிவெடுக்கும் மாட்யூலின் கோடும் அதன் டிசைன் ஆவணமும். கிளெய்ம் 1-இன் (இ) கூறுக்காக." (கிளெய்ம்னா காப்புரிமை எதைப் பாதுகாக்குதுன்னு வரையறுக்கும் வாசகம்.) மனுவோடு ஒரு அட்டவணை வையுங்க: கேள்வி, அவங்க பதில் வார்த்தை மாறாமல், எந்த கிளெய்ம் கூறு, எங்கே குறை. 24-க்கும் சண்டை போடாதீங்க, 8 போதும்.

"எங்களிடம் இல்லை" செல்லாது. ரூல் 1 கைவசத்தோடு அதிகாரம், கட்டுப்பாட்டையும் சேர்த்துச் சொல்லுது. சிப் சப்ளை ஒப்பந்தத்தில் தொழில்நுட்ப ஆவணம் கேட்டுப் பெறும் ஷரத்து இருக்கான்னு பாருங்க; முதல்ல அந்த ஷரத்தையே கேளுங்க.

பாரிமுனை_ஜூனியர்:
சார், காப்புரிமைச் சட்டம் 104ஏ(2)-ஐயும் காட்டுறாங்க (நியாயமில்லை எனத் தோன்றினால் வணிக ரகசியத்தை வெளியிடக் கோர்ட் சொல்லக்கூடாது என்பது).

கிளெய்ம்_சார்ட்:
அது செய்முறைக் காப்புரிமையில் நிரூபிக்கும் பொறுப்பு பிரதிவாதி மேல போகும்போது வர்றது. உங்க கிளெய்ம் கருவிக்குன்னா நேரடியா ஒட்டாது. ஆனால் ரகசியத்துக்கு என்ன ஏற்பாடுன்னு நீதிபதி கண்டிப்பா கேட்பார். கான்ஃபிடென்ஷியாலிட்டி கிளப் (ரகசிய ஆவணத்தைக் குறிப்பிட்ட சிலர் மட்டும் பார்க்கும் ஏற்பாடு) வரைவை நீங்களே கொண்டு போங்க: தரப்புக்கு 4 வக்கீல், 2 நிபுணர், எல்லாரும் உறுதிமொழியோட; கோடு இணையமில்லாத ஒரே கம்ப்யூட்டரில், யு.எஸ்.பி. அடைச்சு, பிரிண்ட் பக்கத்துக்கு வரம்பு, கோர்ட்டுக்குப் போறது சீல் வைத்த உறையில். கம்பெனி ஆட்களையும் உள்ளே விடணுமாங்கறதுதான் உண்மையான சண்டை. அதுக்கு வாதத்தை இப்பவே தயார் பண்ணுங்க.

வாய்தா_வேண்டாம்:
ஒண்ணு விட்டுப்போச்சு. கோடோ லாகோ வந்தால், பாரதிய சாட்சிய சட்டம் 63(4) சான்றிதழ் (மின்னணுப் பதிவைச் சாட்சியமா வைக்கத் தேவையானது) இரண்டு பகுதியும் இருக்கான்னு பாருங்க. பகுதி ஆ-வில் நிபுணர் கையெழுத்து வேணும். அதில் உள்ள ஹாஷும் (ஃபைலின் டிஜிட்டல் கைரேகை மாதிரி) கைக்கு வந்த ஃபைலோட ஹாஷும் ஒத்துப்போகுதான்னு அங்கேயே ஓட்டிப் பார்த்துட்டு அப்புறம் ரசீதில் கையெழுத்துப் போடுங்க.